மூன்றாவது கட்டத்தில் நான் போட்ட டிக்

இந்த அவைக்குத் தலைமை தாங்கினாலும், கீழ்த்தளத்திலிருந்து எப்போது அழைப்பு வருமோ என்று ஒரு காதைக் கதவுப் பக்கமே வைத்திருக்கும் எங்கள் இயக்குநர் அம்மா அவர்களே! கத்தி பிடித்த கையால் இன்று காலை முதல் எல்லோருக்கும் கைகுலுக்கிக் களைத்திருக்கும் அறுவைச் சிகிச்சை மருத்துவர் அவர்களே! விதிமுறைப் புத்தகத்தைப் பக்க எண்ணோடு சொல்லக்கூடிய எங்கள் ஆய்வகப் பொறுப்பாளர் ஐயா அவர்களே! இரண்டு மணி நேரமாக இடுப்பு வலிக்க அமர்ந்திருக்கும் பெரியவர்களே! பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே! மடியில் இருக்க வேண்டிய பிள்ளையை மேல் மாடி வார்டில் படுக்க வைத்துவிட்டு, இங்கே வந்தும் மனம் அங்கேயே இருக்கும் தாய்மார்களே! மூன்றாவது வரிசையில் ஓரமாக ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கும் பட்டாணியே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. குறிப்பைப் பார்க்காமல் பேசுவதுதான் மேடைக்கு அழகு என்று எனக்கு முன்னால் பேசியவர் சொன்னார். நான் எட்டுப் பக்கம் எழுதி வந்திருக்கிறேன். எனக்குப் பேச வராது. சொல்லப்போனால் எழுதவும் வராது. எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் எழுதுவது எண்கள் மட்டும்தான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் எங்கள் தெருவில் யாருக்கு விண்ணப்பம் வேண்டுமானாலும், யாருக்குப் புகார்க் கடிதம் வேண்டுமானாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். அதைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழகாத ஒருத்தி எட்டுப் பக்கம் எழுதிவிட்டாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் கை காட்டுகிறீர்கள். கேட்கவில்லையா? இதோ, மைக் பக்கத்தில் வந்துவிட்டேன். இப்போது? ரொம்பக் கேட்கிறதா! சரி, கொஞ்சம் தள்ளி நிற்கிறேன். எனக்கு எப்போதுமே இந்த அளவுதான் பிரச்சினை.

என்னை அழைக்கும்போது தொகுப்பாளர் என்ன சொன்னார்? ‘ஓடி வந்து உயிர் காத்த பெண்’ என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். கைதட்டல் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. ஓடினேன், உண்மை. ஆனால் எப்போது ஓடினேன்? எதைச் செய்துவிட்டு ஓடினேன்? ஓடியதற்குப் பாராட்டு என்றால், ஓடாமல் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு என்ன பெயர்? ஐந்து மாதமாக எனக்கு இதில் குழப்பம். என் குழப்பம் என்னோடு போனால் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் இதில் இன்னொருவருடைய வேலை இருக்கிறது. இன்னொருவருடைய பெயர் இருக்கிறது. அவர் இந்த மேடையில் இல்லை. இந்த அரங்கத்திலும் இல்லை. கீழே, சலவைப் பகுதியில், போர்வை மடித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் யார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவசரப் பிரிவில் பத்தொன்பது வருடம் செவிலியராக இருந்தவர். ‘ஒரே குத்து அக்கா’ என்று சொன்னால்தான் இந்த மருத்துவமனையில் புரியும். பார்த்தீர்களா, சிரிப்பு வருகிறது! உங்கள் கையிலும் குத்தியிருக்கிறார் போலிருக்கிறது. நரம்பே தெரியாத கையாக இருந்தாலும் சரி, நாலு பேர் பிடித்தாலும் நிற்காத குழந்தையாக இருந்தாலும் சரி, ஒரே குத்துதான். இரண்டாவது குத்து கிடையாது. ‘வலிச்சா என்னைத் திட்டு, கையை மட்டும் ஆட்டாதே’ என்பார். பிள்ளைகள் திட்டி முடிப்பதற்குள் ரத்தம் எடுத்து முடித்திருப்பார்.

அப்படிப்பட்டவர், ரத்தம் எடுக்கத் தெரியாமல் எடுத்தார் என்று காகிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதிய கை இந்தக் கை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

காலை பதினொன்றே கால் மணி. ஒரு கிடங்கின் முன்னால் இருக்கும் பெரிய இரும்புக் கதவு. தண்டவாளத்தில் உருண்டு திறக்கிற வகை. அதைத் திறந்து மூடுவது பட்டாணியின் அப்பாவுடைய வேலை. பள்ளி விடுமுறை என்பதால் மகளைக் கூட்டி வந்திருந்தார். ஏழு வயது, பதினெட்டுக் கிலோ. ஆள் அவ்வளவு சின்னது என்பதால்தான் பட்டாணி. கதவின் சக்கரம் தடம் விட்டுக் கழன்றது. கதவு சாய்ந்தது. அதற்கு மேல் சொல்ல வேண்டாம். அவளே இங்கே இருக்கிறாள். கல்லீரலில் காயம், இடுப்பெலும்பு முறிவு, இடது கால் நசுங்கல். அப்பா ஒரு சரக்கு வண்டியில் போட்டுக்கொண்டு ஒன்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தார்.

நான் இதில் எதையும் பார்க்கவில்லை. எங்களுக்கு வருவது ஆள் இல்லை; குழாய்தான். விரல் நீளக் குழாய், அதன்மேல் ஒரு எண். ஒரு ஆளின் வலி, பயம், அழுகை எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். அவருடைய இரண்டு மில்லி மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே வரும். மூன்று வருடம் நான் அந்த ஜன்னலுக்குள்தான் இருந்தேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டாம் அல்லவா?

பதினொன்று நாற்பதுக்கு இரண்டு குழாய் வந்தது. நீல மூடி ஒன்று, சிவப்பு மூடி ஒன்று. நீல மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க அளந்து ஊற்றிய ஒரு திரவம் இருக்கும். நாங்கள் அந்த ரத்தத்தில் உறைய வைக்கும் மருந்தைக் கலந்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று இயந்திரத்தில் பார்ப்போம். பன்னிரண்டு நொடி, பதின்மூன்று நொடி என்று எண் வரும். அந்த எண்ணை வைத்துத்தான் கீழே அவசரப் பிரிவில் முடிவெடுப்பார்கள்.

அன்றைக்கு எண் வரவில்லை. இயந்திரம் ஓடி, ஓடி, ஓய்ந்து, கோடு போட்டுக் காட்டியது. உறையவில்லை.

உறையாத ரத்தம் வந்தால் நாங்கள் என்ன நினைப்போம்? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இங்கே இருந்தால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். நோயாளியை நினைப்போமா? குழாயைத்தான் நினைப்போம். கோடு வரை நிரப்பவில்லையா? அதிகமாகக் குலுக்கிவிட்டார்களா? டிரிப் ஏறுகிற கையிலேயே எடுத்து, உப்பு நீர் கலந்துவிட்டதா? நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை அதுதான் காரணம். அதற்கென்றே ஒரு சீட்டு இருக்கிறது, நாலு கட்டம். முதல் கட்டம், அளவு குறைவு. இரண்டாவது, கட்டி தட்டியது. மூன்றாவது, டிரிப் நீர் கலந்தது. நாலாவது, பெயர் மாறியது. ஒன்றில் டிக் போட்டுக் கையெழுத்து வைத்தால் போதும். புது ரத்தம் வந்துவிடும்.

அளவு சரியாக இருந்தது. கட்டி இல்லை. பெயர் சரி. மிச்சம் என்ன? மூன்றாவது கட்டம். நாலில் மூன்று இல்லை என்றால் மீதி ஒன்றுதானே விடை? பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தானே பரீட்சை எழுதினேன்? அப்படி எழுதித்தானே பட்டமும் வாங்கினேன்?

டிக் போட்டேன். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

உடனே போன் வந்தது. ஒரே குத்து அக்கா.

“தங்கச்சி, என்னம்மா சீட்டு அனுப்பியிருக்கே? டிரிப் வலது கையில ஓடுது. நான் இடது கையில எடுத்தேன்.”

“அக்கா, மெஷின்ல எண் வரலையே.”

“வரலைன்னா? அதையே எழுதி அனுப்பேன்.”

“அப்படி அனுப்பக் கூடாதுக்கா. வேற ஒண்ணு எடுத்து அனுப்புங்க.”

அக்காவுக்குப் பின்னால் ஏதோ இரும்புத் தட்டு விழும் சத்தம். பிறகு அக்கா சொன்னார்: “எடுக்கலாம்மா. எடுக்கறதுக்கு அந்தப் பிள்ளை உடம்புல ரத்தம் வேணுமே.”

அந்த வார்த்தையை நான் கேட்டேன். கேட்டும், விதி இதுதான் அக்கா என்றேன்.

அவையோரே, விதி தப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எங்கள் பொறுப்பாளர் ஐயா முகத்தைச் சுளிக்கிறார், தெரிகிறது. ஐயா, நான் விதியைத் திட்டவில்லை. உப்பு நீர் கலந்த குழாயை நம்பி, நன்றாக இருக்கும் ஒரு பிள்ளைக்குத் தேவையில்லாத மருந்தை ஏற்றியிருந்தால்? அதைத் தடுக்கத்தானே அந்த விதி? அது எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும்? அதே விதி அன்றைக்கு என்ன செய்தது? சரியான ஒன்று தப்பான நேரத்தில் வந்தால் அதைச் சரி என்பதா, தப்பு என்பதா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் பிறகு வந்து சொல்லுங்கள்.

பன்னிரண்டு எட்டுக்கு இரண்டாவது குழாய் வந்தது. மீண்டும் இயந்திரம். மீண்டும் ஓட்டம். மீண்டும் கோடு. என் கை சீட்டுப் புத்தகத்துக்குப் போய்விட்டது. பழகிய கை, அது என்னைக் கேட்பதில்லை.

அப்போதுதான் பக்கத்துத் தாங்கியில் நின்ற சிவப்பு மூடிக் குழாயைப் பார்த்தேன். பதினொன்று நாற்பதுக்கு வந்தது. அதில் உறையாமல் தடுக்கிற திரவம் எதுவும் கிடையாது. ஜாடியில் தயிர் உறைவது போலத் தானாக உறைந்து, சாய்த்தாலும் அசையாமல் நிற்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. எடுத்துச் சாய்த்தேன்.

ஓடியது. தண்ணீர் மாதிரி, இந்தப் பக்கம் சாய்த்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம்.

இயந்திரம் பொய் சொல்லலாம். நீல மூடி பொய் சொல்லலாம். இந்தக் குழாய்க்குப் பொய் சொல்ல என்ன இருக்கிறது? தப்பு குழாயில் இல்லை, ஊசியில் இல்லை, அக்காவின் கையில் இல்லை. அந்தப் பிள்ளையின் ரத்தமே உறைய மறந்துவிட்டது. மணி பன்னிரண்டு பதினைந்து. நான் டிக் போட்டு இருபத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

அப்புறம்தான் நான் ஓடினேன். நீங்கள் கைதட்டிய ஓட்டம் அதுதான்.

போன் பக்கத்திலேயே இருந்தது. ஏன் போன் செய்யவில்லை என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கினேன். மூன்று வருடத்தில் அவசரப் பிரிவுக்குள் நான் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. எந்தக் கதவு என்றுகூடத் தெரியவில்லை. முதலில் பொருள் வைக்கிற அறைக்குள் புகுந்து வெளியே வந்தேன். சிரியுங்கள், பரவாயில்லை. அங்கே இருந்த துப்புரவு அம்மாகூட, “இந்தப் பக்கம் பக்கெட்தான் இருக்கு கண்ணு, டாக்டர் அந்தப் பக்கம்” என்றார்.

உள்ளே பார்த்தேன். ஒரே குத்து அக்கா இரண்டு கையாலும் அந்தப் பிள்ளையின் தொடையை அழுத்திக்கொண்டிருந்தார். காயத்தை விட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. இடது கை. முழங்கை மடிப்பில், அக்கா ஊசி குத்தி ரத்தம் எடுத்த புள்ளி. குண்டூசி நுனி அளவு ஓட்டை. உங்களுக்கும் எனக்கும் பஞ்சை வைத்து ஒரு நிமிடம் அழுத்தினால் நின்றுவிடும். அது நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி, அதுவும் கசிந்தது. அந்த இரண்டாவது புள்ளி நான் கேட்டது.

“எண் என்ன?” என்று மருத்துவர் திரும்பாமலே கேட்டார்.

“எண் இல்ல டாக்டர். உறையவே இல்ல. பாருங்க.” குழாயைச் சாய்த்துக் காட்டினேன்.

அவர் ஒரு நொடி பார்த்தார். “பிளாஸ்மாவை இளக்கச் சொல்லு. இப்பவே” என்று கத்தினார்.

தாய்மார்களே, அந்த பிளாஸ்மாவில்தான் எல்லாம் இருந்தது. தானமாக வந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மஞ்சள் நீர் அது; ரத்தத்தை உறைய வைக்கும் சரக்கு அதில்தான். அது உறைநிலைப் பெட்டியில் கல்லாக இருக்கும். இளக்க அரை மணி நேரம் ஆகும். இளக்கியதைத் திரும்பப் பெட்டியில் வைக்க முடியாது. அதனால் ஆய்வகத்தின் எண் இல்லாமல் இளக்கக் கூடாது என்று எங்கள் மருத்துவமனையில் அன்று விதி. எண்ணுக்காக அவர்கள் காத்திருந்தார்கள். நான் எண் வேண்டும் என்று இன்னொரு குழாய்க்குக் காத்திருந்தேன். அவர்கள் எனக்காக, நான் அவர்களுக்காக. நடுவில் அந்தப் பிள்ளை யாருக்காகக் காத்திருந்தாள்?

பிளாஸ்மா ஏறியது, அதற்கான மற்றப் பொருள்களும் ஏறின. சூடான காற்றுப் போர்வை போட்டார்கள். ரத்தம் உறையத் தொடங்கியது. உயிர் தங்கியது. இடது கால் தங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

பட்டாணி, நீ ஏன் கையை ஆட்டுகிறாய்? ஓ, கட்டைக் காலைத் தூக்கிக் காட்டுகிறாயா! புதிதா? பச்சை நிறமா! பார்த்துவிட்டேன். அழகாக இருக்கிறது.

ஒரு விஷயம். அன்று மாலை அறுவை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு சண்டை. அப்பா வழி அத்தையும், அம்மா வழிப் பெரியம்மாவும். பிள்ளைக்கு ரத்தம் உறையவில்லை என்ற செய்தி எப்படியோ வெளியே வந்துவிட்டது.

“எங்க பக்கத்துல ஏழு தலைமுறைக்கும் இப்படி ஒரு நோய் கிடையாது” என்றார் அத்தை.

“எங்க பக்கத்துல மட்டும் இருக்கா?”

“உங்க அம்மாவுக்கு அடிக்கடி மூக்குல ரத்தம் வருமே, அது என்னவாம்?”

“எங்க அம்மா மூக்கு உங்களை என்ன பண்ணுச்சு? அண்ணி, உங்க தம்பி சவரம் பண்ணும்போது வெட்டிக்கிட்டா பேப்பர் ஒட்டிக்கிட்டு அலைவாரே, அதை மறந்துட்டீங்களா?”

நான் அந்த வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு போனேன். என் வெள்ளைக் கோட்டைப் பிடித்து நிறுத்தினார்கள். “ஏம்மா, நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. இது எந்தப் பக்கத்து ரத்தம்?”

இரண்டு பக்கமும் இல்லை அம்மா. பிறவியில் வந்தது இல்லை. அந்தப் பிள்ளை காலையில் தூங்கி எழுந்தபோது அவள் ரத்தம் என் ரத்தம் போல, உங்கள் ரத்தம் போல நல்ல ரத்தம். கதவு விழுந்த பிறகு வந்தது இது. காயம் கொடுத்த நோய். பலமாக அடிபட்ட எந்தப் பிள்ளைக்கும் வரலாம். யார் பெற்ற பிள்ளைக்கும் வரலாம். இதை அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். “டாக்டர் சொல்வாங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் நகர்வதில் எனக்கு நல்ல பழக்கம்.

அடிபட்டால் ரத்தம் ஏன் அப்படி ஆகிறது? என் அப்பா கொத்தனார். அவருக்கு நான் இதைச் சொன்னபோது அவர் தன் தொழிலிலேயே பிடித்துக்கொண்டார்.

“ஒரே நேரத்துல பத்துச் சுவர் உடைஞ்சிடுச்சுன்னு வெச்சுக்கோ. ஆள் ரெண்டு, சிமெண்ட் ஒரு மூட்டை. எப்படிப் பூசுவாங்க?” என்றார்.

“தீர்ந்துடும்.”

“அதான். அதுல தண்ணியை வேற ஊத்தினா?”

ஆமாம், டிரிப் நீர் ஏறுகிறது. கலவை நீர்த்துப்போகிறது. உடம்பு குளிர்ந்துபோகிறது; குளிரில் வேலையாளின் கை விறைத்துவிடுகிறது. இது போதாதென்று, பூசிய இடத்தையே பின்னாலிருந்து சுரண்டும் ஆட்களும் உடம்புக்குள் இருக்கிறார்கள். நல்ல நாளில் அவர்கள் பழைய பூச்சைத்தான் சுரண்டுவார்கள். அதுவும் தேவையான வேலைதான். பெரிய காயம் பட்ட நாளில் புதுப் பூச்சையும் சுரண்டுகிறார்கள். உடம்பே குழம்பிவிடுகிறது. பெரிய ஆளுக்கு ஐந்து லிட்டர் ரத்தம், கொஞ்சம் தாங்கும். பதினெட்டுக் கிலோப் பிள்ளைக்கு மொத்தமே ஒன்றரை லிட்டருக்குக் கீழே. வெளியில் பார்த்தால் பிள்ளை அமைதியாகக்கூட இருக்கும். உள்ளே ஒரு மூட்டை தீர்ந்துகொண்டிருக்கும்.

அப்பா எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், “அப்போ தப்பு யாரோடதும்மா?” என்றார். பிறகு அவரே, “சுவர் விழுந்தா கடைசியா பூசினவனைத்தான் பிடிப்பாங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அப்படித்தான் பிடித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து விசாரணை வைத்தார்கள். பட்டாணியின் அம்மா ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவர் தையல் ஆலையில் வேலை பார்க்கிறவர். நாலு வரிக் கடிதம். கடைசி வரி, ‘என் மகளுக்குத் தாமதம் செய்தது யார்?’ நியாயமான கேள்வி. கோப்பைத் திறந்தார்கள். கோப்பில் என் சீட்டு இருந்தது. ‘டிரிப் நீர் கலந்தது.’ கலந்தது யாருடைய கையால்? ரத்தம் எடுத்தவர் கையால். ரத்தம் எடுத்தவர் யார்? ஒரே குத்து அக்கா. முதல் குழாய் கெட்டது, இரண்டாவதில்தான் உண்மை தெரிந்தது என்று காகிதம் பேசியது; காகிதத்துக்கு எதிரில் யார் பேசுவது?

என்னையும் அழைத்தார்கள். ஒரு நீள மேசை. ஐந்து பேர். சீட்டைக் காட்டி, “இது உங்கள் கையெழுத்தா?” என்று கேட்டார்கள்.

“ஆமாம்.”

“போகலாம்.”

அவ்வளவுதான். அவ்வளவேதான். கேட்டதற்குப் பதில் சொன்னேன்; கேட்காததைச் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, “பயந்துட்டியா தங்கச்சி? தண்ணி குடி” என்று தன் புட்டியை நீட்டினார். நான் குடித்தேன். அதைக் குடித்த வாயால்தான் இப்போது பேசுகிறேன்.

மறுவாரம் அக்காவைச் சலவைப் பகுதிக்கு மாற்றினார்கள். நோயாளியைத் தொடக் கூடாது என்று உத்தரவு. அடுத்த மாதம் எனக்குக் கடிதம் வந்தது, ‘உயிர் காத்த பணியாளர்’ என்று. இரண்டு கடிதமும் ஒரே தட்டச்சு, ஒரே முத்திரை. ஒரே நாளின் ஒரே வேலைக்கு ஒருவரைக் கீழே, ஒருவரை மேலே. என் அம்மாவிடம் கடிதத்தைக் காட்டி எனக்கு வேண்டாம் என்றேன்.

“வேண்டாமா? உன் வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை, தெரியுமில்ல?” என்றார் அம்மா. “கொடுக்கறதை வாங்கிக்கிட்டு வாயை மூடிட்டு வா. வாயைத் திறந்தா நாளைக்கு நீயும் போர்வை மடிப்பே.”

“அக்கா மடிக்கிறாங்களேம்மா.”

“அவங்களுக்கு உன்னை விட வயசு அதிகம். தாங்குவாங்க” என்றார். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் அம்மா கெட்டவர் இல்லை. ஒரு வீட்டில் முதல் முதலாக ஒரு சம்பளச் சீட்டு வரும்போது, அதைச் சுற்றி எல்லோருக்கும் பயம் வந்துவிடுகிறது.

மூன்றாவது வரிசையில் எழுந்து நிற்கிறீர்கள். பட்டாணியின் அம்மா. உட்காருங்கள் அம்மா... இல்லை, நில்லுங்கள். நிற்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சத்தமாகக் கேளுங்கள். ‘அப்போ தாமதம் பண்ணது அந்த நர்ஸ் இல்லையா?’ என்று கேட்கிறீர்கள்.

இல்லை அம்மா. அந்த நர்ஸ் இல்லை. தாமதம் இங்கே நிற்கிறது.

நீங்கள் அவரை வார்டு வாசலில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். திருப்ப வேண்டிய பக்கம் அது இல்லை. உங்கள் மகளின் தொடையில் நாற்பது நிமிடம் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தவர் அவர். அவர் கையை எடுத்திருந்தால் நான் எந்த மாடியிலிருந்து ஓடி வந்திருந்தாலும் பயன் இல்லை.

கால் போனது அந்த இருபத்து மூன்று நிமிடத்தாலா? இதையும் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மேடையில் இருக்கும் இந்த மருத்துவரிடமே கேட்டேன். அவர், “தெரியாது. நசுங்கின கால். முன்னாடியே உறைஞ்சிருந்தா ரத்தக் குழாயைத் தைச்சுப் பார்த்திருப்பேன். நின்னிருக்கலாம். நிக்காமலும் போயிருக்கலாம்” என்றார். ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். ‘ஆம்’ என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டு அதற்கும் ஒரு வழி தேடுவேன். ‘தெரியாது’ என்பதை எங்கே வைப்பது? எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

எனக்குத் தெரியாதவை இவ்வளவு இருக்கின்றன. விதி சரியா, தெரியாது. கால் பிழைத்திருக்குமா, தெரியாது. அன்றைக்கு உங்களில் ஒருவர் என் நாற்காலியில் இருந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பீர்களா, அதுவும் தெரியாது. ஆனால் இத்தனை தெரியாதவற்றுக்கு நடுவில் தெரிந்தது ஒன்று உண்டு. ரத்தம் சரியாக எடுக்கப்பட்டது! டிரிப் ஓடாத கையிலே எடுக்கப்பட்டது! அளவு குறையாமல் எடுக்கப்பட்டது! ஒரே குத்தில் எடுக்கப்பட்டது! அந்த ரத்தம் உண்மை சொன்னது. அதைப் பொய் என்று எழுதியது நான். குழப்பத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு, தெரிந்ததையும் தெரியாது என்று நான் எத்தனை நாள் சொல்வேன்? கூச்சம் ஒரு குணமாக இருக்கலாம். என் கூச்சத்துக்கு இன்னொருவர் ஏன் தன் இடத்தை இழக்க வேண்டும்? என் மௌனத்தை இன்னொருவர் ஏன் மடித்து அடுக்க வேண்டும்?

பேச்சு நீண்டுவிட்டது. எட்டாவது பக்கத்துக்கு வந்துவிட்டேன்.

என்னைப் பேச அழைத்தவர்களுக்கு நன்றி. நடுவில் சிரித்தவர்களுக்கு நன்றி. அது இல்லாவிட்டால் மூன்றாவது பக்கத்திலேயே இறங்கிப் போயிருப்பேன். எழுந்து நின்று கேட்ட அந்தத் தாய்க்கு நன்றி. அன்றைக்குப் பக்கெட் அறை எது, மருத்துவர் அறை எது என்று சொல்லித் தந்த அம்மாவுக்கும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

கைதட்ட வேண்டாம். தயவுசெய்து, இன்னும் இல்லை. முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டியதைப் பயத்தில் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

இயக்குநர் அம்மா, நேற்று மாலை ஒரு விண்ணப்பம் எழுதினேன். தெருவில் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்த எனக்கு, எனக்காக எழுத ஐந்து மாதம் ஆனது. அதில் மூன்றே விஷயம். அன்று நான் போட்ட டிக் தவறு; ரத்தம் சரியாகவே எடுக்கப்பட்டிருந்தது. அந்தச் சீட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் வேண்டும்: ‘நோயாளியின் ரத்தமே இப்படி இருக்கலாம், உடனே போனில் சொல்லவும்.’ கடைசியாக, இதற்கு என்ன தண்டனை என்றாலும் அது என் பெயரில் வரட்டும். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த முறை ‘உங்கள் கையெழுத்தா’ என்று கேட்டுவிட்டு என்னை அனுப்பிவிடாதீர்கள், மற்றதையும் கேளுங்கள்.

இதை அலுவலகத்தில் கொடுத்தால் கோப்புக்குள் போய்விடும். அதனால் இங்கே, இவர்கள் எல்லோரும் பார்க்க, உங்கள் கையில் தருகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. வாங்கிக்கொண்டு, நாளைக் காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு ஒரே குத்து அக்காவை அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.